இடிப்பறவை வந்த வழி

பெங்களூரு மெஜஸ்டிக் பேருந்து நிலையத்திலிருந்து விமான நிலையத்துக்குப் போகிற ஏசி பேருந்தின் பெயர் வாயு வஜ்ரா. நகருக்குள் ஓடுவது வெறும் வஜ்ரா. வெளியூர் போகிற வால்வோவுக்கு ஐராவத் என்று பெயர். வஜ்ரம் இந்திரன் கையில் இருக்கும் இடி. ஐராவதம் அவன் ஏறிவரும் வெள்ளை யானை. இதே ஊரில், இந்துஸ்தான் ஏரோநாட்டிக்ஸ் நிறுவனத்தில், ஜெர்மானியப் பொறியாளர் குர்ட் டாங்க் வடிவமைத்த போர்விமானம் 1961 ஜூன் 17 அன்று முதன்முதலாகப் பறந்தது. அதற்கு மாருத் என்று பெயர் வைத்தார்கள். மருத்துகள் இந்திரனோடு கூட்டமாக வரும் புயல் தேவர்கள். வேகமான ஒன்றைச் செய்துவிட்டு அதற்குப் பெயர் தேடும்போது வானத்தை அண்ணாந்து பார்ப்பது இந்த ஊருக்குப் பழகிய காரியம்.

அப்படி வானத்தைப் பார்த்து வைத்த பெயர்தான் தண்டர்பேர்ட்டும்; இடிப்பறவை என்று பொருள். ஆனால் அந்த வானம் வேறொருவருடையது. ஞாயிற்றுக்கிழமைக் காலையில் பழைய கார்கள் வரிசைகட்டும் ஓர் அணிவகுப்பில், 1950களின் ஃபோர்டு தண்டர்பேர்ட் ஒன்று சீர்செய்யப்பட்டு வந்து நின்றால், பக்கத்தில் எத்தனை ஆஸ்டினும் மோரிஸும் நின்றாலும் கண் அதன்மேல்தான் போகும். நீண்ட பானட், தாழ்ந்த உடம்பு, இரண்டே இரண்டு பேருக்கு இருக்கை. பெரியவர்கள் அதன் எஞ்சினைப் பற்றிப் பேசுவார்கள். பிள்ளைகள் பெயரை எழுத்துக் கூட்டுவார்கள். இந்தக் கட்டுரை அந்தப் பிள்ளைகளின் பக்கம் நிற்கிறது. அந்தப் பெயர் யாருடையது, எந்த வழியாக ஒரு காரின் மேல் வந்து உட்கார்ந்தது என்பதுதான் இங்கே கேள்வி.

முதலில் கார். 1953 ஜனவரியில் ஜெனரல் மோட்டார்ஸ் தன் செவர்லே கார்வெட்டைக் கண்காட்சியில் நிறுத்தியது. ஃபோர்டு சும்மா இருக்கவில்லை. 1954 பிப்ரவரி 20 அன்று டெட்ராய்ட் கண்காட்சியில் தன் பதிலைக் காட்டியது. அதே ஆண்டு அக்டோபர் 22 அன்று விற்பனைக்கு விட்டது. கார்வெட்டில் ஆறு சிலிண்டர் எஞ்சின். கதவில் ஏற்றி இறக்கும் கண்ணாடிகூடக் கிடையாது. தண்டர்பேர்ட்டில் வி-8 எஞ்சின், ஏற்றி இறக்கும் கண்ணாடி, ஓட்டுபவரின் கைநீளத்துக்கு ஏற்ப முன்னும் பின்னும் நகரும் ஸ்டியரிங், வேண்டுமானால் பொத்தானை அழுத்தி நகர்த்தும் இருக்கை, மழைக்கும் குளிருக்கும் கழற்றி மாட்டும் ஃபைபர் கூரை எல்லாம் இருந்தன. பந்தயத்துக்கு ஓடுகிற கார் என்று ஃபோர்டு அதை விற்கவில்லை. ஒருவர் தனக்கென்று, தன் சுகத்துக்கென்று வைத்துக்கொள்ளும் கார் என்றே விற்றது. முதல் ஆண்டில் 16,155 கார்கள் போயின. இரட்டை இருக்கையோடு வந்தவை 1955, 1956, 1957 ஆகிய மூன்று ஆண்டு மாடல்கள் மட்டுமே. 1958இல் பின்னிருக்கையும் சேர்த்து நான்கு பேர் வண்டியாக்கிவிட்டார்கள். அந்த முடிவுக்குப் பின்னால் இருந்தவர், பிற்பாடு வியட்நாம் போர்க்காலத்தில் அமெரிக்காவின் பாதுகாப்புச் செயலாளராக இருந்த ராபர்ட் மெக்னமாரா.

தண்டர்பேர்ட் பிறந்த நேரத்தில் இந்தியக் கதவு சாத்தப்பட்டிருந்தது. உதிரிகளை வரவழைத்துப் பூட்டி விற்பது மட்டும் போதாது, இங்கேயே உற்பத்தி செய்யும் திட்டம் இருந்தால் இருக்கலாம் என்று 1953இல் டாரிஃப் கமிஷன் அறிக்கையை ஒட்டி அரசு முடிவெடுத்தது. 1928 முதல் பம்பாயில் கார் பூட்டிவந்த ஜெனரல் மோட்டார்ஸ் 1954இல் கடையைக் கட்டியது. ஃபோர்டும் வெளியேறியது. ஆகவே அந்தக் காலத்து அமெரிக்கக் கார் இங்கே அபூர்வம். தண்டர்பேர்ட் அதிலும் அபூர்வம். ஸ்டியரிங் இடப்பக்கம் இருப்பதால், இந்த வண்டியைச் சாலையில் எடுக்க வேண்டுமென்றால் சைகை காட்டும் கருவி இருந்தே ஆகவேண்டும் என்று மோட்டார் வாகனச் சட்டத்தின் 120ஆம் பிரிவு சொல்கிறது. 2021 முதல், 50 வயது தாண்டிய வண்டிகளுக்குத் தனிப் பதிவு வரிசையும் வந்திருக்கிறது. எண்பலகையில் மாநில எழுத்துக்கு அடுத்து வி.ஏ. என்று வரும். அப்படிப் பதிவான வண்டியை அலுவலகத்துக்கோ கடைக்கோ தினமும் ஓட்டிப்போக முடியாது. கண்காட்சி, அணிவகுப்பு, ஆய்வு, பெட்ரோல் போடுவது, பழுதுபார்ப்பது ஆகியவற்றுக்கு மட்டுமே அனுமதி.

கிட்டே போய்ப் பார்த்தால் இந்தக் காரின் மேல் வேறு இரண்டு பெயர்களும் ஒட்டிக்கொண்டிருப்பது தெரியும். இரண்டுமே நம் மெக்கானிக்குகள் தினமும் சொல்பவை. 1955 மாடலில் ஸ்டெப்னி டிக்கிக்குள்ளேயே படுத்திருந்தது. பெட்டி வைக்க இடமில்லை என்று வாங்கியவர்கள் குறைப்பட்டார்கள். அதனால் 1956 மாடலில் ஸ்டெப்னியைத் தூக்கி வெளியே, பின்பம்பரின் மேல் நிமிர்த்தி மாட்டினார்கள். பார்க்க எடுப்பாக இருந்தது. ஆனால் பின்பாரம் கூடி ஸ்டியரிங்கின் பிடிமானம் குறைந்தது. 1957இல் டிக்கியையே நீட்டி ஸ்டெப்னியை மறுபடி உள்ளே போட்டார்கள். அந்த மூன்று ஆண்டுக் கார்களை தூரத்திலிருந்தே அடையாளம் காண இதுவே போதும்.

ஸ்டெப்னி என்பது வேல்ஸ் நாட்டு லனெல்லி ஊரில் உள்ள ஒரு தெருவின் பெயர். அந்தத் தெருவில் கடை வைத்திருந்த டேவீஸ் சகோதரர்கள் 1904இல் ஆரக்கால் இல்லாத ஒரு மாற்றுச் சக்கரத்தைச் செய்தார்கள். அப்போதைய கார்கள் மாற்றுச் சக்கரம் இல்லாமலே விற்கப்பட்டவை. காற்றுப்போன சக்கரத்தின் மேலேயே இதைக் கவ்விவிட்டு ஓட்டிக்கொண்டு போகலாம். இங்கிலாந்தில் அந்தச் சொல் வழக்கொழிந்துவிட்டது. இந்தியாவிலும் மால்டாவிலும் உயிரோடு இருக்கிறது. பிரேசிலில் எஸ்டெப்பே என்று உருமாறி வாழ்கிறது. டிக்கி இன்னும் பொருத்தம். குதிரை வண்டியில் வண்டிக்காரனோ வேலைக்காரனோ உட்காரும் வெளி இருக்கைக்கு அது பெயர். பிறகு, இரட்டை இருக்கைக் காரின் பின்னால் மடித்துத் திறக்கும் திறந்தவெளி இருக்கைக்கு அதே பெயர் வந்தது. அந்த இருக்கை போய், அந்த இடத்தில் சாமான் வைக்கும் அறை வந்தது. ஆங்கிலேயர் அதை பூட் என்றார்கள், அமெரிக்கர் டிரங்க் என்றார்கள். நாம் பழைய பெயரை விடவில்லை. குடும்பத்தோடு ஆறு பேர் போகிற காரிலும் பையை டிக்கியில் போடு என்று சொல்கிறபோது, நம் நாக்கில் ஓடுவது ஓர் இரட்டை இருக்கைக் கார்தான்.

இந்த இரு சொற்களின் வரலாறும் நேர்வழி. கடைத்தெருவில் பிறந்து, கைமாறி, நம்மிடம் வந்தன. தண்டர்பேர்ட்டின் கதை அப்படி இல்லை.

ஃபோர்டின் வரலாற்றை எழுதியவர்கள் சொல்வது இது. புதிய காருக்குப் பெயர் தேடி ஆயிரக்கணக்கான பெயர்களைப் பரிசீலித்தார்கள்; ஐயாயிரம் என்பது வழக்கமாகச் சொல்லப்படும் கணக்கு. ஹெப் கேட், பீவர், டெட்ராய்டர், எல் டீக்ரே, கொரோனாடோ, ஹவாயன் என்று பட்டியல் நீண்டது. ஃபோர்டு பிரிவின் தலைவர் லூயிஸ் குரூசோவுக்கு எதுவும் பிடிக்கவில்லை. நல்ல பெயர் சொல்பவருக்கு 250 டாலர் மதிப்பில் ஒரு சூட் பரிசு என்று அறிவித்தார். ஆல்டன் கைபர்சன் என்ற இளம் வடிவமைப்பாளர் தண்டர்பேர்ட் என்று எழுதிக் கொடுத்தார். அமெரிக்கத் தென்மேற்கில் வாழ்ந்தவர் அவர்; அரிசோனாவிலும் நியூ மெக்சிகோவிலும் அந்தப் பறவையின் உருவம் வெள்ளி நகையிலும் மண்பாண்டத்திலும் சுவரிலும் எங்கும் இருந்தது. அவருக்குக் கடைசியில் கிடைத்தது 95 டாலர் சூட் ஒன்றும் கூடுதலாக ஒரு காற்சட்டையும் என்பார்கள்.

கலிஃபோர்னியப் பாலைவனத்தில் ரான்சோ மிராஜ் என்ற ஊர்க்காரர்கள் வேறு கதை சொல்வார்கள். அங்கே 1946இல் தண்டர்பேர்ட் என்ற பெயரில் ஒரு பண்ணை விடுதி தொடங்கியது. 1951இல் அது தண்டர்பேர்ட் கன்ட்ரி கிளப் என்ற கோல்ஃப் கிளப்பாக மாறியது. 1955இல் ரைடர் கோப்பைப் போட்டி நடந்த இடம் அது. ஃபோர்டு நிறுவனத்தின் உயரதிகாரி எர்னெஸ்ட் பிரீச் அந்தக் கிளப்பின் உறுப்பினர். கிளப்பின் பெயரைக் காருக்கு வைத்துக்கொள்ளலாமா என்று அவர் அனுமதி கேட்டார், கிளப் சம்மதித்தது என்பது அவர்கள் கதை.

இரண்டில் எது சரி என்று வாதிடுபவர்கள் உண்டு. என் கணிப்பில் இரண்டும் ஒன்றாக நடந்திருக்கலாம். கீழே ஒருவர் எழுதிக் கொடுத்திருப்பார், மேலே ஒருவர் தெரிந்த இடத்தில் ஒரு வார்த்தை கேட்டிருப்பார். என்னை நிறுத்தியது அதுவல்ல. அனுமதி கேட்டது ஒரு கோல்ஃப் கிளப்பிடம். பரிசு கொடுத்தது தன் அலுவலகத்து வடிவமைப்பாளருக்கு. அந்தக் கிளப்புக்கு அந்தப் பெயர் எங்கிருந்து வந்தது, அந்த வடிவமைப்பாளர் தென்மேற்கில் பார்த்த பறவையை வரைந்த கை யாருடையது என்று இரு கதையிலும் யாரும் ஓர் அடி பின்னால் போகவில்லை.

அந்த ஓர் அடியை எடுத்து வைத்தால் வழி நெடுக அந்தப் பெயர் நிற்கிறது. அரிசோனாவின் கிளென்டேலில் 1941இல் விமானி பயிற்சிக்காகத் திறந்த களத்துக்குத் தண்டர்பேர்ட் ஃபீல்டு என்று பெயர். பிரிட்டனில் 1965இல் வந்த பொம்மைத் தொலைக்காட்சித் தொடருக்கு ஜெரி ஆண்டர்சன் தண்டர்பேர்ட்ஸ் என்று பெயர் வைத்தது, போரில் விமானியாக இருந்து இறந்த தன் அண்ணன் அமெரிக்காவிலிருந்து எழுதிய கடிதத்தில் அந்தக் களத்தின் பெயரைப் பார்த்த நினைவில்தான். லாஸ் வேகாஸில் 1948இல் ஒரு தண்டர்பேர்ட் ஓட்டல். 1949இல் இங்கிலாந்தின் டிரையம்ப் நிறுவனம் 650 சிசி மோட்டார்சைக்கிள் ஒன்றுக்குத் தண்டர்பேர்ட் என்று பெயரிட்டது. அதன் தலைவர் எட்வர்ட் டர்னர் அமெரிக்காவில் பயணம் செய்தபோது தென் கரோலினாவில் ஒரு மோட்டல் பலகையில் பார்த்த பெயர் அது என்பார்கள். 1953இல் மார்லன் பிராண்டோ தி வைல்டு ஒன் படத்தில் ஓட்டுவது அந்த வண்டிதான். அதே 1953இல் அமெரிக்க விமானப்படையின் சாகசப் பிரிவு அரிசோனாவில் தொடங்கியது. அதற்கும் தண்டர்பேர்ட்ஸ் என்றே பெயர். ஃபோர்டு அந்தப் பெயரை எடுத்தபோது அது ஏற்கெனவே ஓட்டலும் களமும் இரண்டு சக்கர வண்டியுமாக ஓடிக்கொண்டிருந்தது.

இந்தச் சங்கிலியில் ஒரு கண்ணி நமக்கு நெருக்கமானது. அமெரிக்க ராணுவத்தின் 45ஆம் காலாட்படைப் பிரிவு ஓக்லஹோமா, நியூ மெக்சிகோ, கொலராடோ, அரிசோனா மாநிலத்துக்காரர்களைக் கொண்டது. தங்கள் பகுதிப் பூர்வகுடிகளை மதித்து அவர்கள் தோளில் அணிந்த சின்னம் சிவப்புச் சதுரத்தில் மஞ்சள் ஸ்வஸ்திகா. அந்த மக்களிடமும் ஸ்வஸ்திகா மங்கலக்குறி. ஹிட்லர் அதை எடுத்துக்கொண்ட பிறகு இவர்களால் அணிய முடியவில்லை. 1939இல் அதே சிவப்புச் சதுரத்தில் மஞ்சள் இடிப்பறவை வந்தது. வரைந்தவர் வுடி பிக் போ, கயோவா இனத்து ஓவியர். நான் பார்த்தவரையில், இந்தப் பெயரின் நெடும்பயணத்தில் பூர்வகுடி ஒருவரின் பெயர் பதிவாகி நிற்கிற இடங்கள் மிகக் குறைவு. அவற்றில் இது ஒன்று. அந்தப் பிரிவினர் சிசிலியில் இறங்கி, இத்தாலியின் அன்சியோவில் போரிட்டு, 1945இல் டாக்கவ் வதைமுகாமின் கதவைத் திறந்தவர்களில் இருந்தார்கள். ஸ்வஸ்திகாவை இழந்து இடிப்பறவையை அணிந்தவர்கள் ஹிட்லரின் முகாமைத் திறந்தார்கள்.

இனி அந்தப் பறவை. தண்டர்பேர்ட் என்பது ஆங்கிலேயர் வைத்த பொதுப் பெயர். பல மொழி பேசும் பல மக்கள், தங்கள் தங்கள் மொழியில் வெவ்வேறு பெயரால் அழைத்ததை எல்லாம் ஒரே பெட்டியில் போட்ட பெயர் அது. லகோட்டா மக்கள் வாக்கின்யான் என்கிறார்கள்: புனிதம் என்ற சொல்லும் பறப்பது என்ற சொல்லும் சேர்ந்தது. பெரும் ஏரிகளைச் சுற்றி வாழும் ஓஜிப்வே மக்கள் அனிமிக்கீ என்கிறார்கள். இடிப்பவர் என்று பொருள். கனடாவின் மேற்குக் கரையில் குவாகுவாகவாக் மக்களின் குலமரக் கம்பங்களின் உச்சியில் சிறகு விரித்து உட்கார்ந்திருப்பதும் இந்த இனப் பறவையே. சிறகடித்தால் இடி, கண் திறந்தால் மின்னல். ஓஜிப்வே மக்களிடம் இடிப்பறவைகள் ஒரு காலக்கணக்கும் கூட. வசந்தத்தில் தெற்கிலிருந்து திரும்பும் பறவைகளோடு வந்து, இலையுதிர் காலத்தில் அவற்றோடு போய்விடும். அந்த நாட்டில் இடிமழை பெய்யும் மாதங்களும் அவைதான்.

அந்தப் பறவைக்கு ஒரு பகை உண்டு. நீருக்கடியில் வாழும் கொம்புப் பாம்பும் ஏரியடிச் சிறுத்தையும். மேலே இருப்பது கீழே இருப்பதை இடியால் தாக்குகிறது. குறுந்தொகையின் 158ஆம் பாடலில் ஔவையாரும் மலைப்பக்கத்தில் பாம்புகள் சாகும்படி இடிக்கிற உருமைச் சொல்கிறார். சங்கப் பாடல்களில் இது அவர் ஒருவர் மட்டும் சொன்னதல்ல. இடிக்கும் பாம்புக்கும் ஆகாது என்பது அன்றைய தமிழரின் பொது நம்பிக்கை. ஒருவரிடமிருந்து ஒருவர் கடன் வாங்கியதாக இருக்க வழியில்லை. மழைக்காலத்தில் வளையிலிருந்து பாம்பு வெளியே வருவதும் அதே வேளையில் வானம் இடிப்பதும் எல்லா நாட்டிலும் மனிதர் கண்ட காட்சி. கருடனையும் சேர்த்துப் பார்த்தால், டகோட்டாவின் புல்வெளியில் அந்தப் பறவையை வணங்கியவர்கள் நமக்கு அவ்வளவு தூரத்து மனிதர்கள் அல்லர்.

இந்த மக்களின் சடங்குகளுக்கு என்ன நடந்தது என்பதைச் சொல்லாமல் இந்தப் பெயரின் வரலாறு முடியாது. அமெரிக்க அரசு 1883இல் பூர்வகுடிகளின் நடனங்களையும் சடங்குகளையும் குற்றமாக்கி விதி எழுதியது. கனடா 1885இல் பாட்லாட்ச் எனப்படும் பெருங்கொடை விழாவைத் தடைசெய்தது. 1921 டிசம்பரில் குவாகுவாகவாக் மக்கள் வில்லேஜ் ஐலண்டு என்ற தீவில் ரகசியமாக அந்த விழாவை நடத்தினார்கள். நடனம் ஆடியதற்கும் பரிசு கொடுத்ததற்கும் பேச்சுப் பேசியதற்கும் ஆட்களைச் சிறையில் அடைத்தார்கள். முகமூடிகளையும் செப்புத் தகடுகளையும் பறித்து அருங்காட்சியகங்களுக்கு அனுப்பினார்கள். தடை நீங்கியது 1951இல். பறித்தவற்றில் ஒரு பகுதி திரும்பிவந்து அலர்ட் பேயில் அவர்களே நடத்தும் உமிஸ்டா பண்பாட்டு மையத்தில் 1980 முதல் இருக்கிறது. அமெரிக்காவில் பூர்வகுடிகளின் மதச் சுதந்திரத்தை உறுதிசெய்யும் சட்டம் வந்தது 1978இல். இந்த ஆண்டுகளை மறுபடி மேலே சொன்ன ஆண்டுகளோடு வைத்துப் பாருங்கள். பண்ணை விடுதி 1946, ஓட்டல் 1948, கோல்ஃப் கிளப் 1951, கார் 1954. பறவையை வணங்கியவர்கள் தங்கள் வழிபாட்டுக்குச் சட்டத்தின் முழு உறுதியில்லாமல் இருந்த காலத்தில், பறவையின் பெயர் நியான் விளக்கில் எரிந்துகொண்டிருந்தது.

டெட்ராய்ட்டுக்கு இது வழக்கம். 1701இல் அந்த ஊரை நிறுவிய பிரெஞ்சுக்காரர் காடிலாக். 1763இல் அந்த ஊர்க் கோட்டையை முற்றுகையிட்ட ஒடாவா இனத் தலைவர் பான்டியாக். இருவர் பெயரிலும் ஜெனரல் மோட்டார்ஸ் கார் விற்றது. செரோக்கி என்று ஜீப்புக்குப் பெயர் வைத்தார்கள். 2021இல் செரோக்கி மக்களின் தலைவர் சக் ஹாஸ்கின், அந்தப் பெயரை வண்டிகளிலிருந்து எடுத்துவிடும் காலம் வந்துவிட்டது என்று வெளிப்படையாகச் சொன்னார்.

நம் பக்கத்திலும் இந்தப் பறவை ஒருமுறை கூடு கட்டியது. ஃபோர்டு தண்டர்பேர்ட் விற்பனையில் இருந்த அதே 1955இல் மெட்ராஸ் மோட்டார்ஸும் இங்கிலாந்தின் ராயல் என்ஃபீல்டும் சேர்ந்து என்ஃபீல்டு இந்தியாவைத் தொடங்கினார்கள். அந்தத் திருவொற்றியூர் நிறுவனம் 2002இல் கொண்டுவந்த வண்டியின் பெயர் தண்டர்பேர்ட். புல்லட்டின் பழைய இரும்பு சிலிண்டருக்குப் பதில் அலுமினிய சிலிண்டர், ஐந்து கியர், உயர்ந்த ஹேண்டில்பார், சாய்ந்து உட்காரும் தோரணை. பெங்களூரிலிருந்து வார இறுதியில் நந்தி மலைக்கோ கூர்க்குக்கோ கூட்டமாகக் கிளம்புகிறவர்களின் வரிசையில் பல ஆண்டுகள் அது கட்டாயம் இருந்தது. நம் இளைஞர்கள் அதை டி-பேர்ட் என்று சுருக்கி அழைத்தார்கள். அமெரிக்கர் தங்கள் காரைச் செல்லமாக அழைத்ததும் அப்படித்தான். 2020 நவம்பரில் அந்த இடத்துக்கு மீட்டியார் 350 வந்தது. இடிப்பறவை போய் எரிவிண்மீன் வந்தது என்று வைத்துக்கொள்ளலாம், வானம் மட்டும் மாறவில்லை. ஃபோர்டோ, மறைமலை நகரில் தொழிற்சாலை வைத்து 2022 வரை கார் செய்தது. வேதாசலம் என்ற தன் பெயரையே மறைமலை என்று மாற்றிக்கொண்ட தனித்தமிழ் அறிஞரின் பெயர் தாங்கிய ஊர் அது. ஒரு பெயர் யாருடைய மொழியில் இருக்கவேண்டும் என்று அவ்வளவு ஆழமாக யோசித்த இன்னொருவர் இந்தக் கட்டுரையின் வழியில் இல்லை.

பெங்களூரில் பழைய காரைச் சீர்செய்கிறவர்கள் ஜெ.சி. ரோட்டிலும் சிவாஜிநகரின் பழைய உதிரிக் கடைகளிலும் அலைவார்கள். தண்டர்பேர்ட்டுக்கு அங்கே நேரடி உதிரி கிடைக்காது. கிடைப்பது கைவேலை தெரிந்தவர்கள். டிங்கரிங், பட்டி, பெயின்ட் எல்லாம் முடிந்த பிறகும் ஒரு வேலை மிஞ்சும். அது பெயர். மட்கார்டில் சேர்த்தெழுதிய எழுத்தாகப் பதிந்திருக்கும் அந்தப் பெயர் துத்தநாகக் கலவையில் வார்த்தது. எழுபது ஆண்டில் அதன் தோலுக்கடியில் உப்புப் பூத்து, குரோம் கொப்பளித்து, சிறுசிறு குழியாகிவிடும். பின்னாலுள்ள குச்சிகள் ஒடியாமல் அதைக் கழற்ற வேண்டும். பழைய முலாமை முழுக்கக் களைந்து, குழி ஒவ்வொன்றையும் சுத்தம் செய்து, செம்பு ஏற்றித் தேய்த்து, மறுபடி செம்பு ஏற்றித் தேய்த்து, அதன் மேல் நிக்கல், அதன் மேல் மெல்லிய குரோம். அவசரப்பட்டுத் தேய்த்தால் எழுத்தின் விளிம்பு மழுங்கிப் பெயரே படிக்கமுடியாமல் போகும். இவ்வளவு பொறுமையை ஒரு பெயருக்குச் செலவிடுகிற மனிதர்கள் மேல் எனக்குப் பெரிய மதிப்பு.

ஜெ.சி. ரோடு என்பது ஜெயசாமராஜேந்திரா ரோடு, மைசூரின் கடைசி மகாராஜாவின் பெயர். அவர் வம்சத்தின் சின்னமும் ஒரு பறவைதான். இரண்டு தலை கொண்ட கண்டபேருண்டம். பள்ளிகாவியில் 1047இல் நிறுத்திய தூணின் உச்சியிலும், விஜயநகரத்து அச்சுதராயரின் காசிலும் இருந்த பறவை, இன்று கர்நாடக அரசின் முத்திரையில் இருக்கிறது. இரு தலையும் ஓருயிருமான பறவை அகநானூற்றில் கபிலருக்கும் தெரிந்தது. எங்கோ ஒரு நாட்டுக் கம்பெனி நாளைக்குக் கண்டபேருண்டம் என்று ஒரு காருக்குப் பெயர் வைத்து, எங்கள் ஊர் கோல்ஃப் கிளப்பைக் கேட்டுத்தான் வைத்தோம் என்று சொன்னால் பெங்களூர்க்காரர் ஒருவருக்கு எப்படி இருக்கும்? அந்த நாட்டுக்காரரிடம் அவர் முதலில் சொல்லக்கூடியது, இது எங்களுடையது என்பதாகத்தான் இருக்கும்.

பழைய கார் அணிவகுப்பில் ஒவ்வொரு வண்டிக்கு முன்னாலும் ஓர் அட்டை நிற்கும். ஆண்டு, எஞ்சின், தயாரித்த நாடு என்று எழுதியிருப்பார்கள். தண்டர்பேர்ட்டின் அட்டையில் இன்னும் ஒரு வரி சேர்க்கச் சொல்வேன்: லகோட்டா மக்கள் வாக்கின்யான் என்றும் ஓஜிப்வே மக்கள் அனிமிக்கீ என்றும் வணங்கும் இடிப்பறவையின் பெயர் இந்தக் காருக்கு வைக்கப்பட்டது. கன்னடத்திலும் தமிழிலும் ஆங்கிலத்திலும் எழுத ஒரு முழம் அட்டை போதும்.